கல்லூரிக்கு ஒரு வள்ளம்

நிறைவு விழா நெருங்கும்போதெல்லாம், கல்லூரிக்கு என்ன நினைவுச்சின்னம் அமைப்பது என்ற வினாவும் உடன் எழுகின்றது. மண்டபம் என்பர் சிலர். தோரணவாயில் என்பர் வேறு சிலர். அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நாம் வேண்டுவது வேறொன்று. பாய்மரமும் பாயும் கொண்ட மரவள்ளம் ஒன்றைக் கல்லூரிக்கெனக் கட்டுவித்து, மேல்வகுப்பு மாணவரை ஆண்டுக்கு ஒருநாளேனும் மகாவலி கங்கையின் கழிமுகத்தில் அதிலேற்றிச் செல்லவேண்டும். நகைப்போர் நகைக்கட்டும்; நகைத்தபின் சிறிது செவிசாய்க்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.

நாம் மாணவராயிருந்த காலத்தில் விடுமுறை நாளொன்றில் பன்னிருவர் அத்தகைய பயணம் சென்றோம். அந்நாளில் மூதூருக்குத் தரைவழி செல்வதாயின் துறைக்குத் துறை 'பாதை'க்காகக் காத்துக்கிடக்க வேண்டும். ஆதலின் கொட்டியாரக் குடாவை லோஞ்சிற் கடந்து, முன்னரே பேசிவைத்த பாய்வள்ளத்தில் ஏறினோம். தண்டையல் அறுபதைக் கடந்தவர். உதவிக்கு அவர் மகன், நம் வயதினன். ஏறியவுடன் புறப்படுவோம் என்றிருந்த நமக்கு ஏமாற்றமே காத்திருந்தது. "கொண்டல் எழும்பட்டும், தம்பிமார்" என்று கூறி, கங்கை முகத்தில் வள்ளத்தைக் கட்டிவிட்டு, அவர் வலையின் கிழிசலைப் பொத்தத் தொடங்கிவிட்டார். காலையில் தரையிலிருந்து வீசும் கச்சான் ஓயவேண்டும், நிலம் சூடேறவேண்டும், அதன்பின்னரே கடற்காற்று உள்நோக்கி வரும். நமக்கோ பொறுமையில்லை.

முற்பகல் கழியும் வேளையில் நீர்ப்பரப்புக் கறுத்துச் சிலிர்த்தது. பாய் ஏறிற்று. கடலை நோக்கி ஓடும் ஆற்றை எதிர்த்து, கடலின் காற்றே நம்மை உள்ளே இட்டுச்சென்றது. இருமருங்கும் கண்டற்காடு, ஓசையென்றால் கயிறு முறுகும் ஓசை மட்டுமே. மணற்றிட்டில் வள்ளம் தட்டியபோது இறங்கித் தள்ளக் குதிக்க முனைந்தவரைத் தண்டையல், கரையிற் கிடந்த முதலையைச் சுட்டிக்காட்டித் தடுத்தார். மகன் கம்பை ஊன்றி ஒரே உந்தில் வள்ளத்தை விடுவித்தான். மாலையிற் பாயைச் சுருட்டி, ஆற்றின் போக்கிலேயே இறங்கிவந்தோம். ஏறுவதற்குக் காற்று, இறங்குவதற்கு நீர். புவியியற் பாடத்தில் நிலக்காற்று, கடற்காற்று என அம்புக்குறியிட்டுப் படம் வரைந்து நல்ல புள்ளி பெற்றவர்கள்தாம் நாம்; அவற்றுக்கு வேளையுண்டு என்பதை அன்றுதான் அறிந்தோம்.

அன்று நண்பகலிற் சோற்றுப் பொதிகளைப் பிரித்தோம். பன்னிரண்டு பொதிகள். வள்ளத்தில் இருந்தோர் பதினால்வர். தண்டையல் சுக்கானைப் பிடித்தபடி அக்கரையைப் பார்த்திருந்தார். நம்முள் ஒருவர் நாணி ஒரு பொதியை நீட்டியபோது, பசியில்லை என்றான் மகன். காற்றையும் மணலையும் நீரின் நிறத்தையும் வாசிக்கவல்ல அவ்விளைஞன் கல்லூரி வாயிலை மிதித்தவனல்லன். அவனிடம் நாம் கற்கவேண்டியது ஏதேனும் உண்டென அன்றுவரை நாமும் கருதியதில்லை. கடற்றொழில் படித்தவர்க்கு ஏலாதது என்ற எண்ணம் நம் வீடுகளில் இருந்தது. இன்று அது முற்றாக நீங்கிவிட்டதென எவர் கூறுவார்?

கொட்டியாரத்தின் கதை பாய்மரத்தின் கதையுமாகும். 1659 இல் மசூலிப்பட்டினத்துப் புயலிற் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், புதுமரம் நாட்டுவதற்கே இக்குடாவை நாடியது. அதனால் 1660 இற் சிறைப்பட்ட றொபேட் நொக்ஸ், கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்துத் தப்பி, 1681 இல் நூல் வெளியிட்டார். வடக்கே வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவர் வாங்கிப் பெயர் மாற்றியபின், 1938 இல் அந்நாட்டின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. நம் ஊர்ப்பெயரைத் தாங்கி 1817 இற் பம்பாயில் நீரிலிறங்கிய தேக்குப் போர்க்கப்பலை, இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில் இன்றும் பேணுகின்றனர். நம் குடாவிலோ தொழிலுக்குப் பாய்விரிக்கும் வள்ளத்தைக் காண்பது அரிது.

இயந்திரத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று; அலைகடலிற் பிழைப்பவர்க்கு அது பெருந்துணை. கங்கையும் பழைய கங்கையன்று. 335 கிலோமீற்றர் ஓடிவரும் ஆற்றின் நீர், 1976 இல் பொல்கொல்லையும் 1985 இல் விக்டோரியாவும் எழுந்தபின் மேலேயே பகிரப்படுகின்றது. 2009 இற் கிண்ணியாப் பாலம் திறந்தபின், தண்ணீரைத் தொடாமலே குடாவைச் சுற்றிவரும் வசதியும் பெருகியது. ஆனாற் பாலம் வந்ததனால் நீர் விலகிவிடவில்லை. 2021 நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணியிற் 'பாதை' கவிழ்ந்து பள்ளிச் சிறாரும் மாண்டனர். மூன்றுபுறமும் நீர் சூழ்ந்த ஊரிற் பிள்ளைகளுக்கு நீரைக் கற்பியாதிருப்பது எவ்வகையில் நியாயம்?

ஆபத்தன்றோ என்று பெற்றோர் வினவுவர். நீந்தத் தெரிந்தவனையே ஏற்றுக, ஒவ்வொருவர்க்கும் உயிர்காப்பு அங்கி அணிவிக்குக, வாடைக்காலத்திற் செல்லற்க. தண்டையலுக்கு ஆசிரியர்க்குரிய மதிப்பும் வேதனமும் அளிக்குக; அவர் பிள்ளைக்குக் கல்லூரியில் ஓரிடமும் வேண்டும். வள்ளம் கட்டும் கைப்பழக்கமுள்ள தச்சர் முதியோராகிவிட்டனர்; அடுத்த விழாவரை இதனை ஒத்திவைத்தால் அவர்களை எங்கே தேடுவது?

பொருளுதவ விரும்பும் பழைய மாணவர் சங்கத்துக்கு எழுதுவாராக. தச்சரைத் தேடும் பணியை நாம் ஏற்கின்றோம். முதற் பயணத்துக்குச் சோற்றுப் பொதிகளை எண்ணும் பொறுப்பையும் நமக்கே தரவேண்டும்.