ஊருக்குப் போகிறோம், யாரைப் பார்க்க?

கிறிஸ்மஸ் லீவுக்கு ஊருக்குப் போய் வந்தவர்களிடம், ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது, "எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "அலைஞ்சதுதான் மிச்சம்" என்பார்கள். இரண்டு வருடம் சேர்த்த காசும் லீவும் போட்டுப் போய்வந்த பயணத்துக்கு இதுதான் சாட்சி. பிள்ளைகளிடம் கேட்டால் பதில் இன்னும் சுருக்கம்: "அடுத்த தடவை நான் வரலை." அலைச்சலாவது நாலு நாள் தூங்கினால் தீர்ந்துவிடும். பிள்ளைகளின் இந்தப் பதில்தான் நம்மைக் கவலைப்படுத்த வேண்டும்.

யாருக்குச் சாக்லேட், யாருக்கு சென்ட், எந்தப் பெட்டி எத்தனை கிலோ என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கிறோம். யாரோடு எத்தனை நாள் இருக்கப் போகிறோம் என்பதை மட்டும் நாம் எழுதுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லண்டனிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் போகும் ஒரு குடும்பத்துக்கு 16 நாள் லீவு என்று வைத்துக்கொள்வோம். விமானம், சென்னையில் இறங்கி நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி, திரும்பி வருவதும் அப்படியே: 4 நாள் போயிற்று. தி.நகரில் துணி எடுக்க 1 நாள். யாராவது ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு 2 நாள். சொந்தக்காரர் வீடுகள் 20; ஒரு நாளைக்கு 4 என்று ஓடினாலும் 5 நாள். கிறிஸ்மஸ் ஒரு நாள், பிள்ளைகளுக்காகக் கன்னியாகுமரி ஒரு நாள். ஆச்சிக்கு மிச்சம் 2 நாள். அதிலும் ஒன்று பெட்டி கட்டுகிற நாள். ஆச்சியைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லித்தான் லீவு வாங்கினோம்!

இதோடு உடம்பு வேறு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. டிசம்பரில் இந்திய நேரம் நமக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நேரமாற்றத்துக்கு உடம்பு பழக, ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். கிழக்கே போகும்போது இன்னும் சிரமம். அப்படியானால் முதல் நாலைந்து நாள் பிள்ளைகள் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருப்பதும், அடுத்த நாள் சித்தி வீட்டு சோபாவில் தூங்கி வழிவதும் இயல்பு. அதைப் பார்த்து, "பிள்ளைக்கு நம்மகிட்ட ஒட்டுதலே இல்லையே" என்று சித்தி வருத்தப்படுகிறார். இரவு பகலாக ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கும் செவிலியர்களான எங்களுக்கு இந்த மயக்கம் நன்றாகத் தெரியும். முதல் இரண்டு நாளில் எந்த வீட்டுக்கும் வருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். ஆச்சி வீட்டுத் திண்ணையில் பகல் வெளிச்சத்தில் உட்காருங்கள், அந்த ஊர் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அது போதும்.

20 வீடுகளை என்ன செய்வது? ஒரு சாயங்காலம் எல்லாரையும் ஆச்சி வீட்டுக்கே கூப்பிடலாம். முறுக்கு, அதிரசம், காப்பி, ஒரு ஜெபம். "எங்க வீட்டுப் படி ஏறலையே" என்று யாராவது கோபித்துக்கொள்வார்கள், உண்மைதான். ஆனால் செருப்பைக்கூட முழுதாகக் கழற்றாமல், கலர் பாட்டிலைப் பாதி குடித்து, போட்டோ எடுத்துவிட்டு ஓடுகிற இருபது நிமிடத்தை எந்த அத்தையும் மரியாதை என்று நினைப்பதில்லை. அவர்களும் அதற்காகக் காலையிலிருந்து வீட்டைக் கூட்டிப் பெருக்கிக் காத்திருந்தவர்கள்தான்.

துக்கம் நடந்த வீடும், படுக்கையில் இருப்பவர் வீடும் இதில் சேராது. அங்கே நாம்தான் போக வேண்டும், ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும். ராத்திரி எட்டு மணிக்குப் பத்துப் பேராகப் போய் நோயாளியைச் சுற்றி நிற்பது அவருக்கு உபகாரம் இல்லை. காலையில் குளித்துச் சாப்பிட்டபின் பெரும்பாலும் அவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு இருக்கும். அப்போது இரண்டு பேர் போனால் போதும், அவரும் நாலு வார்த்தை பேசுவார்.

ஆச்சியோடு இருக்கும் நாட்களிலும் ஒரு காலையை ஒதுக்குங்கள். அவர் மாத்திரை டப்பாவைக் கொட்டி, எது எதற்கு, எது இரண்டு தடவை வாங்கியது, எது காலாவதியானது என்று கூட உட்கார்ந்து பாருங்கள். டாக்டரிடம் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். வாரா வாரம் வீடியோ காலில் "நல்லா இருக்கேன்" என்று சொல்பவர் படியேறும்போது எப்படி மூச்சு வாங்குகிறார் என்பது பக்கத்தில் இருந்தால்தான் தெரியும்.

நம் பக்கத்து ஆயத்தமும் உண்டு. "பிறந்த ஊர்த் தண்ணி, ஒண்ணும் செய்யாது" என்கிறோம். இங்கிலாந்தில் டைபாய்டு காய்ச்சலோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தியா, பாகிஸ்தான் போன்ற இடங்களில் சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு வந்தவர்களே. தடுப்பூசி என்எச்எஸ்ஸில் இலவசம்; பயணத்துக்கு 6 முதல் 8 வாரம் முன்னதாக மருத்துவரிடம் கேட்க வேண்டும். இன்சுலினை அனுப்பும் பெட்டியில் வைக்கக் கூடாது. விமானத்தின் அடியில் உறைந்து கெட்டுப்போகலாம். தெருநாய் கடித்தால், சின்னக் கீறலானாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வாலிபர்களே, திட்டம் போடும்போது நீங்களும் மேசையில் உட்காருங்கள். வரமாட்டேன் என்று சொல்வதற்குப் பதில், எந்த இரண்டு நாள் உங்களுக்கு வேண்டும் என்று கேளுங்கள். தாத்தாவோடு வயலுக்குப் போக ஒரு நாள், மச்சானோடு கிரிக்கெட் ஆட ஒரு நாள் என்று காலண்டரில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். பெற்றோரே, அந்த இரண்டு நாளில் வேறு வீட்டைச் செருகாதீர்கள்.

ஒரு வேலையை வாலிபர்களிடமே விட்டுவிடலாம். இந்திய ரயில்களில் இப்போது 60 நாள் முன்னதாகத்தான் முன்பதிவு செய்ய முடியும். டிசம்பர் 20-க்கு நெல்லை எக்ஸ்பிரஸ் வேண்டுமானால் அக்டோபர் 21 காலை 8 மணிக்கு அங்கே முன்பதிவு தொடங்கும். நமக்கு அது விடியற்காலை மூன்றரை. எப்படியும் அந்த நேரத்தில் போனோடு விழித்திருக்கிறவர்கள் நம் வீட்டில் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.