ஆசிரியருக்கும் வேண்டும் வனவாசம்

சுற்றுச்சூழற் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென உச்சநீதிமன்றம் 1991ஆம் ஆண்டிலேயே பணித்திருந்தும், காட்டில் ஒரு நாளேனும் தங்கியறியாத ஆசிரியர், மாரியில் பெய்த நீரைச் சோலைக்காடு தன் மண்ணிலே தேக்கிக் கோடையில் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு ஈயும் அற்புதத்தை, வெறும் புத்தக வாக்கியமாக அன்றிப் பிரத்தியட்ச ஞானமாக மாணாக்கர் உள்ளத்தில் எங்ஙனம் பதிக்க இயலும்? 1902இல் திறக்கப்பெற்ற காஸ் வன அருங்காட்சியகமும், மரங்களின் மரபியலை ஆராயும் மத்திய அரசின் நிறுவனமும் கோயம்புத்தூரில் அருகருகே விளங்குகையில், நான்கு சுவர்களுக்குள்ளேயே முடிந்துவிடும் பணியிடைப் பயிற்சிகளுள் ஒன்றையேனும் அங்கும், அதனையடுத்து ஆனைமலைச் சோலைகளிலும், வன அலுவலரும் பழங்குடிப் பெரியோரும் உபாத்தியாயராக அமைய நடத்துவது கல்வித்துறையின் கடமையாகும். விதையின் பக்குவத்தையும் மண்ணின் குணத்தையும் கண்ணாரக் கண்டு திரும்பும் ஓர் ஆசிரியர், தம் சேவைக்காலம் முழுவதும் தலைமுறை தலைமுறையாக வனத்தின் காவலரை உருவாக்குவார்; ஆதலின் அப்பயிற்சிக்கு அரசு செலவிடும் பொருள் ஒருகாலும் விரயமாகாது.