வாச்சாத்தியில் அன்று இல்லாத கை

வாச்சாத்தி என்றால் தீர்ப்பைத்தான் பேசுகிறோம். சித்தேரி மலையடிவாரத்து அந்த ஊரில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை சோதனை என்று புகுந்த அரசுப் பணியாளர்களால் 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்களைச் சேலம் சிறையில் அடைத்தார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது. அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது 2023.

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள் நான். என் கவலையெல்லாம் வல்லுறவுக்குப் பிந்தைய முதல் மூன்று நாள்தான். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் சீக்கிரம் வேண்டும். போலீஸ் புகார் இல்லாவிட்டாலும் சிகிச்சை தரவேண்டும், தனியார் மருத்துவமனையும் காசு வாங்கக் கூடாது என்பது இன்று சட்டம். 181க்குப் போன் போட்டால் உதவி மையத்தோடு இணைப்பார்கள். மலையூர்ப் பெண்ணுக்கு இதை யார் சொன்னார்கள்? ஒவ்வொரு துணைச் சுகாதார நிலையச் சுவரிலும் எழுதுங்கள். வண்டியும், தருமபுரி மருத்துவமனை வரை கூடவே வர ஒரு பெண் பணியாளரும் அரசு கொடுக்கட்டும். ராத்திரியிலும்.