கருவி கூடினால் ஆபத்து குறையுமா?

விமானத்திலிருந்து குதிக்கும் விளையாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு பதில் தயாராக வரும்: "இப்போதான் எல்லாத்துக்கும் கருவி வந்துடுச்சே! ஆள் மயங்கினாக்கூட பாராசூட் தானா விரிஞ்சுடும்." துபாய் பாம் தீவுக்கு மேலே பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டப்பட்டு ஒருமுறை குதித்து வந்தவர் இப்படிச் சொன்னால் குறையில்லை. அவருடைய உயிருக்கு முதுகுப் பக்கம் இருந்தவர் பொறுப்பு. உரிமம் வாங்கித் தனியாகக் குதிக்கத் தொடங்கியவர்களும் இதையே சொல்லிக்கொண்டு, குதிப்பு உடையான ஜம்ப்சூட்டின் மேல் கருவிகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே போகிறார்கள். சிக்கல் அங்கேதான். கருவி கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும் என்று அவர்கள் போடும் கணக்கு ஒவ்வொரு வரியிலும் தவறுகிறது.

அவர்கள் முதலில் காட்டுவது ஏ.ஏ.டி. எனப்படும் தானியங்கித் திறப்பானை. 1991-இல் ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் சைப்ரஸ் என்ற பெயரில் கொண்டுவந்த கருவி இந்த விளையாட்டையே மாற்றியது உண்மை. அதனால் பிழைத்தவர்கள் பலர். ஆனால் அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். காற்றழுத்தத்தை அளந்துகொண்டே இருக்கும் அந்தப் பெட்டி, தரையிலிருந்து ஏறத்தாழ 225 மீட்டர் உயரத்துக்கு வந்த பிறகும் ஆள் நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வ் எனப்படும் மாற்றுப் பாராசூட்டை மூடியிருக்கும் கயிற்றுக் கண்ணியை ஒரு சிறு கத்தியால் வெட்டிவிடும். அவ்வளவுதான். வயிறு கீழ்நோக்கி விழுபவரின் வேகம் நொடிக்கு 53 மீட்டர் அளவில் இருக்கும். அதாவது, கருவி வேலை செய்யும் அந்தக் கணத்தில் தரைக்கு மிச்சம் நான்கு நொடிச் சொச்சம். அதற்குள் துணி வெளியே வந்து, கயிறுகள் நீண்டு, காற்றுப் பிடித்தாக வேண்டும். கடைசிப் பேருந்தும் போன பிறகு வந்து நிற்கிற ஆட்டோ மாதிரி அது. வந்தால் அதிர்ஷ்டம், அதை நம்பிப் பயணம் கிளம்பக் கூடாது.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. மெயின் எனப்படும் முதன்மைப் பாராசூட் பாதி விரிந்து, முறுக்கிக்கொண்டு சுழலும்போது இறங்கும் வேகம் 35 மீட்டருக்குக் கீழே போய்விடலாம். நொடிக்கு இருபது மீட்டரில் தரையில் மோதினாலே உயிர் போகும். ஆனால் கருவியின் பார்வையில் அங்கே ஆபத்தே இல்லை, அது சும்மா இருக்கும். மெயினைக் கழற்றிவிட்டு ரிசர்வை இழுக்க வேண்டியது அப்போது கைதான். சரி, கருவி இருக்கிறதே என்று தாமதமாக மெயினைத் திறப்பவருக்கு? மெயின் விரியும் அதே நேரத்தில் ரிசர்வும் வெளியே வரலாம். இரண்டும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து தரையை நோக்கிப் பாய்ந்தால், தொங்குபவருக்கு இரண்டு பாராசூட் இருந்தும் ஒன்றுகூட இல்லாத கதிதான். காலையில் ஒரு மைதானத்தில் கருவியைப் போட்டுவிட்டு, அதைக் காரில் வைத்து உயரம் வேறான இன்னொரு மைதானத்துக்குப் போய், அணைத்து மறுபடி போடாமல் குதித்தால், தரை எங்கே இருக்கிறது என்பதே அதற்குத் தப்பாகத் தெரியும்.

அடுத்து, ஹெல்மெட்டுக்குள் காதோரம் கூவுகிற உயரமானி. "அது கத்தும், நான் திறப்பேன்" என்பார்கள். கத்தும்தான். காற்று இரைச்சலில், சளி அடைத்த காதில், பேட்டரி தீரும் தறுவாயில், போன வாரம் வேறு வகைக் குதிப்புக்கு அமைத்த உயரத்தில் கத்தும். நான்கு கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழ ஒரு நிமிடம் ஆகிறது. அந்த நிமிடத்தில் மணிக்கட்டில் கட்டிய உயரமானியைக் கண்ணால் பார்க்கும் பழக்கம் வராதவருக்கு, சத்தம் வராத ஒரு நாள் போதும். காதுக் கருவி நினைவூட்டலாம், முடிவெடுக்க வேண்டியது மணிக்கட்டைப் பார்த்த கண்.

இனி கேமரா. இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் "இத்துனூண்டு கோப்ரோ, இது என்ன செய்துவிடும்?" என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் அப்பாவித்தனமானது. அமெரிக்கப் பாராசூட் சங்கம் குறைந்தது 200 முறை குதித்த பிறகே கேமராவைத் தொடச் சொல்கிறது. பெரிய கேமரா, சின்ன கேமரா என்று அது பிரிப்பதில்லை. காரணம் எடை அல்ல. முதல் காரணம், கயிறு. பாராசூட் விரியும்போது மெல்லிய கயிறுகள் தலைக்குப் பின்னாலிருந்து கட்டுக்கட்டாக மேலே பறக்கின்றன. உடம்பு கொஞ்சம் சாய்ந்திருந்தால், ஹெல்மெட்டின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் கொக்கியில் ஒரு கயிறு மாட்டப் போதும். அதன் பிறகு பழுதான மெயினைக் கழற்றினாலும் அது போகாது. தலையோடு கட்டிய கொடியாகப் பறக்கும், அதற்குள் ரிசர்வும் போய்ச் சிக்கும். கேமராக்காரர்கள் ஒரே இழுப்பில் கழன்று விழுகிற தாடைப்பட்டையோடு ஹெல்மெட் வாங்குவது இதனால்தான். கடையில் வாங்கிய ஒட்டுத்தகட்டில் கேமராவைப் பதித்துக்கொண்டு வரும் புதியவரிடம் அந்தப் பட்டை இருப்பதில்லை. மார்பில் கட்டினால் பரவாயில்லையா என்றால், மெயினைக் கழற்றவும் ரிசர்வை இழுக்கவும் உள்ள உயிர்க் கைப்பிடிகள் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன.

இரண்டாவது காரணம் கயிற்றைவிட மோசமானது: கவனம். 1988 ஏப்ரலில் அமெரிக்காவின் வட கரோலைனாவில், எண்ணூறு முறைக்கு மேல் குதித்திருந்த ஒருவர், பயிற்றுநரும் மாணவரும் குதிப்பதைப் படம்பிடிக்க விமானத்தில் ஏறினார். கேமரா ஹெல்மெட்டில், பதிவுக் கருவியும் பேட்டரியும் உடம்பில். குதித்தார். படம் எடுத்தார். முதுகில் பாராசூட் இல்லை. போட்டுக்கொள்ள மறந்திருந்தார். உடம்பில் கட்டிய கருவிகளின் கனமே பாராசூட் இருப்பதுபோல் தோன்ற வைத்திருக்கலாம் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். விமானத்தில் கூட இருந்தவர்களும் கவனிக்கவில்லை. அத்தனை அனுபவமுள்ளவருக்கு இது நடந்தது என்பதைவிட, அவர் கேமராவை மறக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. குதிக்குமுன் மனம் செய்ய வேண்டிய சோதனைப் பட்டியலில் கேமராவின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்ற ஒரு வரி புகுந்தால், வேறு ஏதோ ஒரு வரி வெளியே போகிறது.

"சரி, உடை வெறும் துணிதானே, அதில் என்ன?" என்பது அடுத்தது. துணிதான் இதில் தந்திரக்காரன். இறக்கை வைத்த பறக்கும் உடையான நவீன விங்சூட்டுக்கு உருக்கொடுத்த பிரெஞ்சுக்காரர் பத்ரிக் த கயார்தோன் 1998 ஏப்ரலில் ஹவாயில் இறந்தார். தன் பாராசூட் பையில் தானே செய்த ஒரு மாற்றத்தில் நேர்ந்த பிழைதான் காரணம். அவரைவிடத் தெரிந்தவர் அன்றைக்கு உலகில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வீட்டுத் தையல் இயந்திரத்தில் ஜம்ப்சூட்டுக்கு ஒரு பை சேர்க்கலாம், ஒரு பட்டை வைக்கலாம் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். மெயினைத் திறக்கும் சிறு கைப்பிடி, பையின் அடிப்பக்கம் வலது ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. கை தடவித்தான் எடுக்க வேண்டும். மேலே குளிரும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆறரை டிகிரி குறைகிறது என்றால், தரையில் 30 டிகிரி இருக்கும்போது கதவு திறக்கும் உயரத்தில் நான்கைந்து டிகிரிதான். அதனால் தடித்த கையுறை. கூடவே, பையை உடம்போடு கட்டும் பட்டையான ஹார்னஸுக்கு மேலே தொங்கும் ஒரு ஸ்வெட்டர். காற்றில் அதன் விளிம்பு எழும்பிக் கைப்பிடியை மூடுகிறது, தடித்த விரல் துணியைப் பிடித்து இழுக்கிறது, துணிதான் வருகிறது. மறுபடி தேடுகிறது. ஒவ்வொரு தேடலுக்கும் ஐம்பது மீட்டர், நூறு மீட்டர் விலை. மெல்லிய தோல் கையுறையும், சட்டை விளிம்பை ஹார்னஸுக்குள் செருகுவதும் இதைத் தீர்க்கும். கேமராக்காரர்களின் இறக்கை வைத்த உடையிலும் இதே கதை: காற்று நிரம்பிய இறக்கை கையை மார்புக்கு வரவிடாமல் தடுத்தால், அதை வெட்டிவிடும் வழி உடையிலேயே இருக்க வேண்டும். காலணி மேல் இழுத்து மூடும் துணி உறை வானத்தில் அழகாக வேகம் தரும். இறங்கி ஓடும்போது அதே உறை வழுக்கும், இடறும்.

ஹெல்மெட் பற்றி ஒரு வரி போதும்: விமானத்தின் கதவு விளிம்பிலிருந்தும் பக்கத்து ஆளின் முழங்காலிலிருந்தும் காக்கும், தரையில் வேகமாக மோதினால் காக்காது. கயிறு வெட்டும் கொக்கிக் கத்தியைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லலாம். பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட மலிவுக் கத்தி, தேவைப்படும் அந்த ஒரு தடவை உடைந்து கையோடு வரும். உலோகத்தில் வாங்கி, இரண்டு கையும் எட்டும் இடத்தில் வைப்பதானால் வாங்கலாம்.

கடைசியாக எண்ணைக் காட்டுவார்கள். 1970-களில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 42 பேருக்கு மேல் இறந்தார்கள். 2023-இல் ஏறத்தாழ 36 லட்சம் குதிப்புகளில் 10 பேர். கருவி இல்லாமல் இது நடந்ததா? இல்லைதான். ஆனால் எந்தக் கருவி? மெயினை ஒரே இழுப்பில் கழற்றும் மூன்று வளையப் பூட்டு, நம்பகமான ரிசர்வ், தானியங்கித் திறப்பான், சீரான பயிற்சி. எல்லாம் பைக்குள் இருப்பவை அல்லது மண்டைக்குள் இருப்பவை. ஜம்ப்சூட்டின் மேல் மாட்டியவை அந்தப் பட்டியலில் வரவே இல்லை. அந்த வளையப் பூட்டைக் கண்டுபிடித்த பில் பூத், கருவி பத்திரமாக ஆக ஆக குதிப்பவர்கள் அதற்கு ஏற்ற அளவு ஆபத்தைத் தேடிக்கொள்வார்கள் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருபவர். இன்று இறப்பவர்களில் பலரும் நன்றாக விரிந்த பாராசூட்டின் கீழ், தரைக்கு மிக அருகில் வேகமாகத் திரும்பி மோதுபவர்கள். அங்கே காதில் கூவும் கருவிக்கும் வேலையில்லை, கேமராவுக்கு மட்டும் நல்ல காட்சி கிடைக்கும்.

அப்படியானால் எதையும் வாங்க வேண்டாமா? வாங்கலாம், ஒன்றொன்றாக. புதிதாக ஒன்று வந்தால், தரையில் முழு உடையும் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, மூன்று கைப்பிடிகளையும் இரண்டு நொடிக்குள் தொட்டுப் பார்க்கட்டும். கை ஒருமுறை தவறினாலும் புதியதுதான் வெளியே போக வேண்டும். படம்தான் வேண்டுமென்றால், 200-ஐ எப்போதோ தாண்டிய நண்பர் ஒருவரைக் கூடக் கூட்டிப் போகலாம். குதிப்பவரின் முகமும் அப்போதுதான் படத்தில் விழும்.