பசுமைக் கணினி கடையில் இல்லை!

"மின்சாரம் மிச்சமாகும் புதிய கணினி வாங்குங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள்!" இப்படித்தான் விளம்பரங்கள் கூவுகின்றன. இதில் பாதிதான் உண்மை. மீதி வியாபாரம்.

உண்மையான பாதி இதுதான். பெட்டி மாதிரி மானிட்டர் வைத்த பழைய மேசைக் கணினி 100 வாட்டுக்கு மேல் இழுக்கும். மடிக்கணினிக்கு அதில் பாதியே போதும். 1992-ல் அமெரிக்க அரசு கொண்டுவந்த எனர்ஜி ஸ்டார் முத்திரை, சும்மா இருக்கும் கணினியைத் தூங்க வைக்கும் வசதியைப் பரப்பியது. நல்லதுதான்.

சொல்லாத பாதி என்ன? மானிட்டருடன் ஒரு மேசைக் கணினியைத் தயாரிக்கவே 240 கிலோ எரிபொருள், 22 கிலோ ரசாயனம், 1,500 கிலோ தண்ணீர் செலவாகிறது என்று ஐ.நா. பல்கலைக்கழக ஆய்வு 2004-லேயே சொன்னது. ஓடுகிற கணினியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குவது எந்த ஊர்ச் சிக்கனம்?

மரக்காணம் உப்பளக் கரையில் உள்ள ஊர்களை எண்ணிப் பாருங்கள். தமிழகக் கிராமங்களில் பல வீடுகளுக்கு முதல் கணினியே, 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்ததுதான். உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும். பேட்டரி போனால், பழுது பார்க்கத் திண்டிவனத்துக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏற வேண்டும். அன்றைய கூலியும் போகும். அதைவிடப் பரணில் போடுவது மலிவு!

வருமான வரிக் கணக்கில் கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம். 40,000 ரூபாய்க் கணினி மூன்றாண்டில் ஏட்டில் 8,640 ரூபாய் ஆகிவிடும். ஏட்டில் தேய்ந்தால் கணினி செத்துவிட்டதா என்ன? பேட்டரி மாற்றி, லினக்ஸ் போட்டால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

மின்கழிவு விதிகள் 2012 மே மாதமே நடைமுறைக்கு வந்தன. 2023 ஏப்ரலில் புதிய விதிகளும் வந்தன. கழிவுக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்கின்றன. ஆனால் எந்தக் கம்பெனி வண்டி உப்பளக் கரைக்கு வருகிறது? வருபவர் பழைய இரும்புக்காரர்தானே! செம்புக்காக ஒயரை எரித்தால் அந்தப் புகை யார் நெஞ்சுக்குள் போகும்?

2025 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. வரவேற்க வேண்டியதே. அதோடு தாலுகாவுக்கு ஒரு பழுதுநீக்கும் மையம், நியாய விலையில் பேட்டரி, பழையதைத் திரும்பப் பெற ஓர் இடம், இவையும் வேண்டும். இல்லையேல் இன்றைய பரிசு நாளைய குப்பை!

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்கிரீன் சேவர் மின்சாரத்தைச் சேமிக்காது. எழுந்து போகும்போது அணைத்துவிட்டுப் போங்கள்!