நார்வே மொழியிற் கூட்டுச்சொற்கள்

அச்சிட்ட பக்கத்தில் இரண்டு சொற்களுக்கு நடுவே விடப்படும் வெற்றிடத்தை அற்பப் பொருளென்று நினைப்பார் பலர். வேண்டுமாயின் இடலாம், வேண்டாவிடின் நீக்கலாம் என்பது அவர் எண்ணம். அஃது அத்துணை அற்பமன்று என்பதனை நார்வே மொழி தெளிவுறக் காட்டும். அந்நாட்டில் ஒரு மண்டபத்தின் வாயிலில் "ரொய்க்ஃப்ரிட்" என ஒரே சொல்லாக எழுதப்பட்டிருப்பின், "இவ்விடம் புகையற்றது" என்பது பொருள். அதனையே "ரொய்க் ஃப்ரிட்" என இரண்டாகப் பிரித்தெழுதின், "தடையின்றிப் புகை பிடிப்பாயாக" என்று பொருள்படும். எழுத்தொன்றும் கூடவில்லை, குறையவுமில்லை, இடைவெளி ஒன்றே புகுந்தது, விலக்கு விதியாயிற்று.

இத்தகைய பிழை மலிந்து வருகின்றதென அந்நாட்டு ஆசிரியரும் மொழியன்பரும் நெடுநாளாய்க் குறை கூறுகின்றனர். இதனைச் சிறு குற்றமெனப் பொறுத்துக்கொள்வதா, பொறாது திருத்துவதா என்பது வினா. திருத்துதலே தக்கது என்பது எமது துணிபு. அதற்குரிய காரணங்களைக் கூறுமுன், அம்மொழியின் இயல்பைச் சிறிது நோக்குவாம்.

நார்வே மொழி, சுவீடன், டென்மார்க், ஜெர்மனி ஆகிய நாட்டு மொழிகளோடு ஓரினத்தது. இம்மொழிகளிற் புதுப்பொருளுக்குப் பெயரிட வேண்டின், வீட்டிற் புழங்கும் பழஞ்சொற்கள் இரண்டைச் சேர்த்து ஒன்றாக எழுதுதல் வழக்கம். "யேர்ன்" இரும்பு, "பானெ" பாதை; இரண்டுஞ் சேர்ந்த "யேர்ன்பானெ" நாம் கூறும் இருப்புப்பாதையே. 1854-ஆம் ஆண்டில் அந்நாட்டில் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது, அதன் பெயரைக் கேட்ட குடியானவனுக்கு அச்சொல்லின் இரு கூறுகளும் முன்னரே தெரிந்தனவாயிருந்தன. "டன்" பல், "லேகெ" மருத்துவன். "டன்லேகெ" பல் மருத்துவன். "ஃபியேர்ன்" தொலைவு, "ஸீன்" காட்சி, "ஃபியேர்ன்ஸீன்" தொலைக்காட்சி. இவ்வாறு சேர்ந்த சொல்லில் ஈற்றில் நிற்பதே தலைமை உடையது. சொல்லின் பாலும், அது பன்மையில் அடையும் திரிபும் ஈற்றுச் சொல்லையே பற்றி நிற்கும். முன்னிற்பது அதனைச் சிறப்பிக்கும் அடையாம்.

சேருங்கால் சில சொற்கள் இயல்பாகவே சேரும். சில தம்மிடையே ஓர் எழுத்தை வேண்டும். "பார்ன்" குழந்தை, "ஹாகெ" தோட்டம். இடையே எகரம் தோன்றிப் "பார்னெஹாகெ" ஆகும். குழந்தைகளுக்கான பாலர் பள்ளி என்பது அதன் பொருள். "அர்பெய்ட்" வேலை, "டாக்" நாள். இடையே ஸகரம் தோன்றி "அர்பெய்ட்ஸ்டாக்", அஃதாவது வேலைநாள் ஆகும்.

இவ்விடையெழுத்துப் பொருளற்ற அலங்காரமன்று. மதுக்கிண்ணம் "வீன்கிளாஸ்" எனப்படும். அதில் இடையெழுத்து இல்லை. செம்மதுவை ஊற்றும் கிண்ணமோ "ரோவீன்ஸ்கிளாஸ்" எனப்படும். அதில் ஸகரம் தோன்றுகின்றது. ஏனெனில், "செம்மது" என்பது முன்னரே ஒரு கூட்டுச்சொல். அக்கூட்டுச்சொல் முடிந்து மற்றொரு சொல் தொடங்கும் மூட்டு இதுவே என்று அந்த ஸகரம் அறிவிக்கின்றது. சிவந்த நிறமுடைய மதுக்கிண்ணம் என்று கூறக் கருதினால், "சிவந்த" என்னும் அடையைத் திரித்துத் தனிச்சொல்லாகவே எழுதுவர். ஆகவே, சேர்ப்பும் பிரிப்பும் இடையெழுத்தும் ஒருங்கு நின்று பொருளை வரையறுக்கின்றன. இருப்பு, பாதை என்னும் இரண்டின் நடுவே நாம் பகரவொற்றை மிகுத்து எழுதும் வழக்கை எண்ணுவோர்க்கு இது வியப்பாகாது.

இனி, வரியின் ஈற்றில் இடம் போதாதபோது சொல்லை எங்ஙனம் முறிப்பது என்பதனைக் காண்போம். கூட்டற்ற தனிச்சொல்லாயின், நடுவில் நிற்கும் மெய்களுள் ஒன்றை அடுத்த வரிக்குக் கொண்டுபோதல் பொது விதி. கூட்டுச்சொல்லாயின், சொற்கள் சேர்ந்த மூட்டிலேயே முறிக்க வேண்டும். "ஹூஸ்" வீடு, "ஐயெர்" உடையவன், "ஹூஸையெர்" வீட்டுக்காரன். மூச்சின் போக்கிலே ஸகரத்தை அடுத்த அசைக்குத் தந்து முறித்தால், அடுத்த வரி "ஸையெர்" என்று தொடங்கும். அச்சொல்லுக்கு அம்மொழியில் வெற்றி என்பது பொருள். வீட்டுக்காரனைத் தேடிவந்தவன் வெற்றியைக் கண்டு மயங்குவான். ஆதலின் அசையினும் பொருளே வலிது என்பது விதியாயிற்று.

இதனினும் நுட்பமானதொன்று உண்டு. "நட்" இரவு, "டோக்" புகைவண்டி. இவை சேருமிடத்து முதற்சொல்லின் ஈற்றில் இரண்டு "டீ" எழுத்துக்களும், வருஞ்சொல்லின் முதலில் ஒன்றுமாக மூன்று வரும். ஒரே மெய்யெழுத்து மும்முறை அடுத்து வருதலை அம்மொழி ஏற்பதில்லை; ஆதலின் ஒன்றை நீக்கி இரண்டே எழுதுவர். ஆனால் அச்சொல்லை வரியின் ஈற்றில் முறிக்க நேரின், மறைந்த எழுத்து மீண்டும் வந்து தன்னிடத்தில் நிற்கும். சேர்ந்திருக்கும்போது விட்டுக்கொடுத்ததைப் பிரியும்போது ஒவ்வொரு சொல்லும் திரும்பப் பெறுகின்றது. உறுப்புக்களின் உரிமையை இவ்வளவு கருத்துடன் காக்கும் மொழியில், மனம்போனவாறு வெட்டி எழுதுதல் தகுமா?

எழுத்து விதிகள் இலக்கண ஆசிரியர் கற்பித்த கட்டளைகளே என்பாரும் உளர். இவ்விதி அத்தகையதன்று. நார்வே மக்கள் பேசும்போது சொற்களை எடுத்தும் படுத்தும் இசைபோல ஒலிப்பர். கூட்டுச்சொல்லுக்குத் தலைமையான எடுத்தலோசை ஒன்றே. தனிச்சொற்கள் இரண்டாயின் ஓசையும் இரண்டாம். "லம்மெலோர்" என ஓரோசையாற் கூறின் ஆட்டுக்குட்டியின் தொடைக்கறி. "லம்மெ, லோர்" என ஈரோசையாற் கூறின் முடங்கிய தொடைகள். எழுத்தறியாச் சிறு குழந்தையும் இதனைப் பேச்சிற் பிழைப்பதில்லை. நா அறிந்த உண்மையைக் கை மறக்கின்றது, பிழை அவ்வளவே. ஆகவே இவ்விதி வெளியிலிருந்து சுமத்தப்பட்டதன்று, வாயிலிருந்து பிறந்தது.

பிழை மலிதற்குக் காரணம் யாது? ஆங்கிலத்தின் பழக்கம் ஒன்று என்பர். ஆங்கிலம் கூட்டுச்சொற்கள் பலவற்றைப் பிரித்தே எழுதும். அதனை இடையறாது படிப்பவர் கை தானே அவ்வழிச் செல்லும். மற்றொன்று கணிப்பொறி. அகராதியிற் காணாத சொல்லின் கீழ் அது செங்கோடு இழுத்துக் காட்டும். கூட்டுச்சொற்களோ நாடோறும் புதியனவாகப் பிறப்பன. எல்லாவற்றையும் அடக்கிய அகராதி எங்குமில்லை. செங்கோட்டிற்கு அஞ்சியவர் சொல்லை இரண்டாக வெட்டுவர், கோடு மறையும், பிழை நிலைக்கும்.

எம் கருத்தை மறுப்போர் கூறுவன இரண்டு. இடம் நோக்கிப் பொருள் விளங்குமாதலின் தீங்கில்லை என்பது ஒன்று. கடையிலே சூரை மீன் துண்டுகள் அடைத்த தகரப்புட்டியின்மேல் "டூன்ஃபிஸ்க் பீடெர்" எனப் பிரித்தெழுதினால், "சூரை மீன் கடிக்கும்" என்று பொருள்படும். ஆயினும் அதற்கு அஞ்சி ஓடுவார் ஒருவருமிலர் என்பர். மெய்யே. ஆனால் எல்லா எழுத்தும் மீன்புட்டியின்மேல் இருப்பதில்லை. சட்டத்திலும், மருந்துச் சீட்டிலும், பொது அறிவிப்பிலும் படிப்பவன் ஊகித்து உணரும்படி எழுதுதல் எழுதுவோன் கடமையைப் படிப்பவன் தலையிற் சுமத்துவதாகும். அச்சுமை மிகுதியும் அழுத்துவது, அம்மொழியைப் புதிதாய்க் கற்பவரையும் படிப்பிற் குறைந்தவரையுமே.

பிழை செய்தாரை எள்ளி நகைத்தல் இழிவு என்பது மற்றொன்று. இதனை யாம் முழுதும் உடன்படுகின்றோம். பிரித்தெழுதிய பலகைகளைத் தேடிக் காட்டி நகைத்தல் சிலர்க்கு ஒரு பொழுதுபோக்காயிற்று. நகையினாற் கற்றவர் சிலர். நாணி எழுதுதலையே விட்டவர் பலராதல் கூடும். "வாய்விட்டுச் சொல்லிப் பார், ஓசை ஒன்றாயின் ஒன்றாக எழுது" என்று காட்டும் ஆசிரியரே வேண்டும்.

அந்நாட்டு வரலாற்றையும் நினைத்தல் நலம். 1814 வரை நார்வே டென்மார்க்கோடு இணைந்திருந்தமையால், எழுத்துமொழி டென்மார்க்கினதாகவே இருந்தது. உழவர் குடியிற் பிறந்த ஈவார் ஓசென் என்பார் ஊர்தோறுஞ் சென்று மக்கள் பேச்சை ஆராய்ந்து, 1848-இல் இலக்கணமும் 1850-இல் அகராதியும் வெளியிட்டார். அவர் வகுத்த எழுத்துமொழிக்கு 1885-இல் நாட்டுப் பேரவை சமவுரிமை அளித்தது. இரண்டு எழுத்துமொழிகளும் 1929 முதல் "பூக்மோல்" என்றும் "நீநொர்ஸ்க்" என்றும் வழங்குகின்றன. முன்னது நூன்மொழி, பின்னது புதுநார்வேமொழி. 1907, 1917, 1938 ஆகிய ஆண்டுகளில் எழுத்துமுறை திருத்தப்பட்டது. ஒவ்வோர் எழுத்தைப் பற்றியும் வழக்கு நிகழ்ந்தது. அத்துணை வழக்கிலும் இரு கட்சியார்க்கும் பொதுவாய் நின்றது கூட்டுச்சொல்லைச் சேர்த்தெழுதும் முறை. இரண்டின் பெயர்களுமே கூட்டுச்சொற்கள் அன்றோ!

இம்முறையின் பெரும்பயன் யாதெனின், அறிவு எளியோர்க்கும் எட்டுதல். மருத்துவமனையை அவர்கள் "சீக்கெஹுஸ்" என்பர். நோயுற்றோர் வீடு என்பது பொருள். இலத்தீனும் கிரேக்கமும் கல்லாத மீனவன் மகனும் அப்பெயரைக் கேட்டவுடன் அஃது யாதென உணர்வான். இலங்கையினின்று சென்று அந்நாட்டிற் குடியேறி வாழும் நம் தமிழ் மக்களுக்கும், மூட்டறிந்து சொல்லைப் பிரித்துணரும் வழி பேருதவியாகும். மூட்டு எங்குளது என்று தெரியவேண்டின், சொல் முதலில் முழுதாக நிற்றல் வேண்டும். முழுச்சொல்லே கதவுடைய வீடு. வெட்டிய சொல் வெறுங்கல்லும் மரமுமாகக் கிடக்கும். நார்வே மாணவர் தம் செவி சொல்வதைக் கேட்டு எழுதுவாராக. அவர்தம் மொழியின் செல்வம் குறைவின்றி நிற்கும்.