கடைக்கு லேப்டாப் வாங்கலாமா? பழைய மானிட்டரை என்ன செய்வது?

நமது சங்க உறுப்பினர்கள் பலரும் சில மாதங்களாக ஒரே விஷயத்தைக் கேட்டு வருகிறார்கள். கடையில் எட்டு, பத்து ஆண்டுகளாக ஓடும் பெட்டிக் கம்ப்யூட்டரை மாற்ற வேண்டியிருக்கிறது; மறுபடியும் அதே போல் ஒன்று வாங்குவதா, லேப்டாப் வாங்கிவிடுவதா என்பதே கேள்வி. இந்தக் கேள்வி இப்போது எழுவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் கொடுத்து வந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. நீட்டிப்பு என்று ஒன்று கொடுத்தார்கள் என்றாலும் அது தற்காலிக ஏற்பாடுதான். பழைய பெட்டியிலேயே விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசரும் வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய பெட்டிகள் ஏறக்குறைய எல்லாமே இதில் அடிபட்டுப் போகின்றன. தேதி முடிந்த மறுநாள் பெட்டி நின்றுவிடவில்லை. இன்றும் ஓடத்தான் செய்கிறது. ஆனால் பேங்க் கணக்கையும் ஜி.எஸ்.டி. கணக்கையும் அதில் திறப்பது, பூட்டு கெட்டுப்போன கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போவது போன்றது.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கணக்கு எழுதும் மேசைக்கு லேப்டாப் வாங்குங்கள். ஆனால் அதை மடியில் வைத்து வேலை செய்யும் பொருளாக நினைக்காமல், இப்போது இருக்கும் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றையும் அதில் மாட்டி, டெஸ்க்டாப் மாதிரியே பயன்படுத்துங்கள். பில் போடும் கவுண்டருக்கு மட்டும் லேப்டாப் வேண்டாம்.

பரங்கிப்பேட்டையிலிருந்து கடலூர் முதுநகர் வரை கடலோரத்தில் கடை வைத்திருக்கிற நமக்கு இதில் மற்ற ஊர்க்காரர்களை விடக் கூடுதல் அக்கறை இருக்க வேண்டும். 2004 சுனாமியை யாரும் மறக்கவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது மின்கம்பங்கள் சாய்ந்து எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது நினைவிருக்கும். 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளம். பிறகு 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல். அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம். மழை என்றதும் நாம் என்ன செய்கிறோம்? அரிசி மூட்டையையும் பருப்பு மூட்டையையும் கட்டை போட்டு மேலே அடுக்குகிறோம். மேசைக்கு அடியில் தரையோடு தரையாக இருக்கிற சி.பி.யு. பெட்டியை யாரும் நினைப்பதில்லை. அதற்குள் இருப்பது என்ன? ஊரெல்லாம் நமக்குத் தர வேண்டிய பாக்கி. மூட்டை நனைந்தால் நட்டம் எவ்வளவு என்று அன்றே சொல்லிவிடலாம். பாக்கிக் கணக்கு நனைந்தால் நட்டம் எவ்வளவு என்பதே தெரியாது. அந்தக் காலத்தில் பேரேட்டைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தார்கள். லேப்டாப்பையும் அப்படிச் செய்யலாம். இரண்டு ஒயரைப் பிடுங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மாடிக்கு எடுத்துக்கொண்டு போய்விடலாம். டெஸ்க்டாப்பை அப்படிச் செய்ய ஆள் வேண்டும், நேரமும் வேண்டும்.

மின்சாரம் இன்னொரு காரணம். மானிட்டரோடு சேர்த்து டெஸ்க்டாப் ஓட யு.பி.எஸ். வேண்டும். அதற்குள் இருக்கும் சிறிய பேட்டரி இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும். மாற்றினாலும் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. லேப்டாப்புக்குத் தன் பேட்டரியே யு.பி.எஸ். மின்சாரம் போனால் மானிட்டர் அணையும்; லேப்டாப்பைத் திறந்து அதன் திரையிலேயே இ-வே பில்லை முடித்து லாரியை அனுப்பிவிடலாம். தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிக்கு 2018 ஜூன் முதல் இது அன்றாட வேலை. வண்டி ஏற்றி நிற்கும்போது கம்ப்யூட்டர் அணைந்தால் டிரைவர் முகத்தைப் பார்க்க முடியாது.

இனி, லேப்டாப்பைக் கல்லா மேசையில் திறந்து வைக்கக் கூடாது என்று ஏன் சொல்கிறோம்? மளிகைக் கடைக் காற்றில் கடலை மாவும் மிளகாய்த் தூளும் பறக்கிறது. எண்ணெய் அளந்த கையோடு பில் போடுகிறோம். வெல்லம் எடுத்த கையைத் தேடி எறும்பு வரும். இதற்கெல்லாம் மேலே உப்புக் காற்று. தனிக் கீபோர்டு கெட்டால் ஐந்நூறு ரூபாயில் வேறு வாங்கிவிடலாம். லேப்டாப்பின் கீபோர்டு கெட்டால் பல மாடல்களில் பாதி உடம்பைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும். செலவு ஆயிரக் கணக்கில் போகும். ஆகவே லேப்டாப் மூடியபடி பக்கத்து அலமாரித் தட்டில் இருக்கட்டும். மாவுக் கை படுவதெல்லாம் பழைய கீபோர்டிலேயே படட்டும். கண்ணுக்கு மானிட்டர், கைக்குத் தனிக் கீபோர்டு என்று இருந்தால் கழுத்தும் வலிக்காது. ஐம்பது வயதைக் கடந்த நம்மில் யாருக்கும் பதினான்கு அங்குலத் திரையில் டேலியின் எண்கள் சரியாகத் தெரியப் போவதில்லை. ஒன்றை ஏழாகப் படித்தால் கடையில் அது எழுத்துப் பிழை அல்ல, பணப் பிழை.

எண் விசைகள் பற்றியும் சொல்ல வேண்டும். கூட்டல் போட்டுப் பழகியவர் விரல் கீபோர்டின் வலப்பக்கத்து எண் கட்டங்களில்தான் ஓடும். பதினான்கு அங்குல லேப்டாப்புகள் பெரும்பாலானவற்றில் அந்தக் கட்டம் கிடையாது. பதினைந்தரை அங்குலத்தில் பலவற்றில் உண்டு. தனிக் கீபோர்டு மாட்டினால் இந்தப் பிரச்சினையே இல்லை. அப்படியானால் எடை குறைந்த சிறிய லேப்டாப்பையே வாங்கலாம்; ஆடிட்டர் வீட்டுக்கு எடுத்துப் போகவும் சுலபம்.

வாங்கப் போகுமுன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. இப்போதைய பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பி, என்னென்ன ஒயர் மாட்டியிருக்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் பிராசசர் பெயரையும் மினுமினுப்பையும் சொல்லித்தான் விற்பார். நமக்குத் தேவை துளைகளின் கணக்கு. பழைய மானிட்டர்கள் பலவற்றில் நீல நிற வி.ஜி.ஏ. இணைப்பு மட்டுமே இருக்கும். இப்போது வரும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் எச்.டி.எம்.ஐ. மட்டுமே இருக்கும். இரண்டையும் சேர்க்க எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கு மாற்றும் சிறு கன்வெர்ட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதற்காக மானிட்டரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் மிக மெல்லிய மாடல்கள் சிலவற்றில் எச்.டி.எம்.ஐ.யும் இருக்காது, டைப்-சி துளை மட்டும் இருக்கும். டைப்-சி துளை எல்லாவற்றிலும் மானிட்டருக்குப் படம் வராது. சிலவற்றில் சார்ஜும் தகவலும் மட்டுமே போகும். 'இந்தத் துளையில் மானிட்டர் வருமா?' என்று கேட்டு, கடையிலேயே ஒரு மானிட்டரை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மூட்டையிலிருந்து மாதிரி எடுத்து உள்ளங்கையில் போட்டுப் பார்க்காமல் நாம் அரிசி வாங்குவோமா?

யு.எஸ்.பி. துளைகளையும் எண்ணுங்கள். கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், சிலருக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என்று ஐந்து ஆகிவிடுகிறது. லேப்டாப்பில் இரண்டு, மூன்றுதான் இருக்கும். தனியாக மின்சாரம் எடுத்துக்கொள்ளும் யு.எஸ்.பி. ஹப் ஒன்று வாங்கினால் சரியாகிவிடும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். பழைய அகல முனை ஒயர் கொண்ட பிரிண்டரை இன்றைய லேப்டாப்பில் நேராக மாட்ட முடியாது. மூன்று காப்பி கார்பன் பில் இன்னும் நமக்கு வேண்டியிருக்கிறது. அதற்கான மாற்று ஒயர் உங்கள் பிரிண்டருக்கு வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

உள்ளே இருப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டேலி, ஜி.எஸ்.டி. இணையதளம், வாட்ஸ்அப் இவற்றுக்கு ஐ3 அல்லது ரைசன் 3 வகை போதும். ராம் 8 ஜி.பி.க்குக் குறையக் கூடாது. 16 இருந்தால் நல்லது. 2025 இறுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியதால் இந்த வித்தியாசம் முன்பை விடக் கூடுதலாக இருக்கிறது. அதனால் பின்னால் ராம் சேர்க்க இடம் உள்ள மாடலா என்று கேளுங்கள். சிலவற்றில் போர்டோடு பற்றவைத்து விடுகிறார்கள். பிறகு எதுவும் செய்ய முடியாது. எஸ்.எஸ்.டி. 512 ஜி.பி. தாராளம். விளையாட்டுக்கென்று வரும் விலை உயர்ந்த மாடல்களைப் பையன்கள் காட்டுவார்கள். அது கடைக் கணக்கில் வர வேண்டிய செலவு அல்ல.

பிராண்டைப் பற்றி நாம் சண்டை போட விரும்பவில்லை. ஒரு காலத்தில் எச்.சி.எல். பெட்டிகள் புதுச்சேரியில் தயாராகி வந்தன. இன்று லெனோவோ அங்கே தயாரிக்கிறது. பக்கத்து ஊர் சரக்கு என்பதால் மட்டும் வாங்க வேண்டும் என்பதில்லை. கேட்க வேண்டியது வாரண்டி பற்றி. கடைக்கே ஆள் வந்து பழுது பார்ப்பார்களா, நாம் தூக்கிக்கொண்டு கடலூருக்கோ புதுச்சேரிக்கோ அலைய வேண்டுமா? பில்லில் அது எழுதியிருக்கிறதா? சில நூறு ரூபாய் மலிவு என்று வாங்கிவிட்டு, மாதக் கடைசியில் பத்து நாள் லேப்டாப் இல்லாமல் இருந்தால் அந்த மலிவுக்கு அர்த்தமில்லை.

வீட்டில் இருக்கும் அரசு லேப்டாப்பைக் கொண்டுவந்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை அவை, படிப்புக்காகத் தந்தவை. அந்த நாளைய லேப்டாப் விண்டோஸ் 11-க்கும் தாங்காது.

லேப்டாப்பை மூடி வைத்து மானிட்டரில் வேலை செய்ய இரண்டு ஏற்பாடு அவசியம். மூடினால் தூங்கிவிடும் பழக்கம் அதற்கு உண்டு. கண்ட்ரோல் பேனலில் பவர் பகுதிக்குப் போய், மூடியை மூடும்போது எதுவும் செய்யாமல் இருக்கும்படி மாற்ற வேண்டும். மின்சாரத்தில் ஓடும்போதும் பேட்டரியில் ஓடும்போதும் தனித்தனியாக மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்தது பேட்டரி. பகல் முழுவதும் சார்ஜரில் மாட்டியபடி நூறு சதவீதத்திலேயே நின்றால், அதோடு நம் ஊர் வெக்கையும் சேர்ந்தால், லித்தியம் பேட்டரி சீக்கிரம் கிழடாகும். சில சமயம் உப்பிக்கொண்டு மவுஸ் பலகையை மேலே தள்ளும். லெனோவோ, எச்.பி., டெல், ஏசஸ் இவற்றின் பல மாடல்களில் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி வைக்கும் வசதி உண்டு. வாங்கிய அன்றே அதைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். சாக்கின் மேலோ துணியின் மேலோ வைக்காமல், அடியில் காற்றுப் போகும்படி சிறிய தாங்கியில் வையுங்கள்.

பில் கவுண்டர் பற்றி இரண்டு வார்த்தை. காலை முதல் இரவு வரை நூற்றுக் கணக்கில் பில் போடும் இடத்தில் வேலைக்கு வரும் பிள்ளைகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கைக்கு அடக்கமான பொருள் காணாமலும் போகலாம். அங்கே டெஸ்க்டாப்போ, மானிட்டருக்குப் பின்னால் மாட்டும் மினி கம்ப்யூட்டரோதான் பொருத்தம். மினிக்குப் பேட்டரி கிடையாது என்பதால் யு.பி.எஸ். வேண்டும்.

வரி விஷயத்தில் கவனம் தேவை. லேப்டாப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டு பில் வாங்கினால் அதை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். தொகுப்பு வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது கிடையாது. சில்லறை அரிசி, பருப்பு போன்ற வரியில்லாத சரக்கும் விற்பவர்கள் அதற்குரிய பங்கைக் கழிக்க வேண்டும், ஆடிட்டரைக் கேளுங்கள். வரித் தொகையையும் சேர்த்துத் தேய்மானம் போட்டால் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது. ஏதாவது ஒன்றுதான். முன்பு பாண்டிச்சேரியில் வரி குறைவென்று போய் வாங்கி வந்தோம். 2017 ஜூலை 1-க்குப் பிறகு அந்த லாபம் இல்லை. இப்போதும் அங்கே வாங்குவதானால் ஐ.ஜி.எஸ்.டி. போட்ட பில்லாகக் கேட்டு வாங்க வேண்டும். அவர்கள் ஊர் உள்வரியைப் போட்ட பில்லை வைத்து இங்கே வரியைத் திரும்ப எடுக்க முடியாது.

புதிய லேப்டாப் வந்ததும் பழைய பெட்டியை உடனே காயலான் கடைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். டேலி உரிமம் அந்தப் பெட்டியோடு கட்டப்பட்டிருக்கிறது. அதில் முதலில் உரிமத்தை ஒப்படைத்த பிறகே புதியதில் ஏற்ற முடியும். பெட்டி உயிரோடு இருக்கும்போதே செய்தால் கொஞ்ச நேர வேலைதான். கணக்குகளைப் பென் டிரைவில் எடுத்து, புதியதில் ஏற்றி, ஒவ்வொரு கணக்காண்டின் முடிவு இருப்பும் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். அந்தப் பென் டிரைவ் கடையில் இருக்கக் கூடாது, வீட்டில் இருக்கட்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகள் இருக்க வேண்டும். ஆகவே பெட்டியை விற்றாலும் அதற்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, மேலே ஆண்டை எழுதி, பழைய பேரேடுகளோடு பீரோவில் வையுங்கள்.